எழுத்துப் பிழையும் உயிர்ப் பிழையும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில் விராட்டிப்பத்தைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால், பாம்பு படுத்தாற்போல நீண்டு கிடக்கும் குன்றின் அடியில் நாகமலை புதுக்கோட்டை அமைந்திருக்கக் காணலாம். நம் துறையினருள் சிலர் அவ்வூரில் குடியிருக்கிறோம். மாலை நேரத்தில் தெருவழியே நடந்தால் திண்ணைப் பேச்சுகள் காதில் விழும். அப்பேச்சுகளில் ஒரு தொடரை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். “அவள் இரண்டு பெற்றாள், இரண்டும் தங்கவில்லை” என்பதே அத்தொடர். தங்கவில்லை! என்ன நயமான சொல்! வந்த விருந்தினர் இரவு தங்காமல் புறப்பட்டுப் போனதைப் போலப் பச்சிளங்குழவியின் சாவைச் சொல்லிவிடுகிறது நம் மொழி. துயரை மறைத்துப் பேசும் இம்மங்கல வழக்கை இலக்கணம் படித்த நாம் குறை கூற மாட்டோம். ஆயினும் அச்சொல் துயரை மட்டும் மறைக்கவில்லை. காரணத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. ஏன் தங்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. மாந்தம் என்பார்கள், தோஷம் என்பார்கள், தாயின் ராசி என்பார்கள். மூன்றாவது குழந்தையும் அவ்வாறே போகும்.

அவ்வாறு போகும் குழந்தைகள் எல்லாம் ஒரே நோயால் போகின்றன என்று கூற நாம் வரவில்லை. சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் குறைப்பிரசவமும் பெரும்பான்மையான இறப்புகளுக்குக் காரணங்கள். எனினும் அச்சளிக்காய்ச்சலுக்குப் பின்னால், மிக அரிதாக, மற்றொன்று ஒளிந்திருப்பதுண்டு. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமை என்பது அது. அதனைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் ஏன் எழுத வேண்டும் என வினவுவோர்க்கு, இது விலங்கியல் துறையார்க்கு மட்டும் உரிய செய்தி அன்று, எழுத்தும் சொல்லும் பற்றிய செய்தியும் ஆகும் என்பதே நம் விடை.

தொல்காப்பியத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். இன்று ‘ஜெனிடிக்ஸ்’ என்னும் அறிவியல் துறைக்கும் மரபியல் என்றே பெயர் வைத்துள்ளோம். பெயர் வைத்தவர்கள் எண்ணி வைத்தார்களோ, தற்செயலாக வைத்தார்களோ, பொருத்தம் வியப்பூட்டுகிறது. மாந்த உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு பெருநூல் இருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அந்நூலில் புரதங்களை ஆக்கும் கட்டளைகளான மரபணுக்கள் சற்றொப்ப 20,000. மும்மூன்று எழுத்தாகப் படித்தே உயிரணு பொருள் கொள்கிறது.

இந்நூலைத் தலைமுறைதோறும் படியெடுக்கும்போது பிழை நேர்வதுண்டு. ஏடு எழுதுவோர் கைப்பிழையைப் பாடவேறுபாடு என்று பதிப்பாசிரியர்கள் குறிப்பது போன்றதே இதுவும். நம் பள்ளி நூல்கள் இதனைத் திடீர்மாற்றம் என்றும் சடுதி மாற்றம் என்றும் எழுதுகின்றன; இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘விகாரம்’ என்று எழுதுகின்றன. நமக்கு இலங்கைச் சொல்லே உவப்பானது. நன்னூலார் புணர்ச்சி விகாரத்தை மூன்றாக வகுத்தாரன்றோ? ஓர் எழுத்துப் புதிதாகத் தோன்றும். உள்ள எழுத்துக் கெடும். ஓரெழுத்து மற்றோர் எழுத்தாகத் திரியும். மரபணுவில் நிகழும் சிறு விகாரங்களும் இம்மூன்றனுள் அடங்கிவிடுகின்றன.

‘கடல் மலர் பழம் பகல்’ என்று மூன்றெழுத்துச் சொற்களை இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். முதற்சொல்லில் ‘க’ என்பது ‘உ’ எனத் திரிந்தால் கடல் உடலாகும். ஒரு சொல்லின் பொருள் மாறிற்று; ஏனைய மூன்றும் பிழைத்தன. அவ்வாறன்றி ‘ட’ என்னும் எழுத்துக் கெட்டுவிட்டால்? படிப்பவன் மும்மூன்றாகவே படிப்பான். ‘கல்ம, லர்ப, ழம்ப, கல்’ என்று வரும். கெட்டது ஓரெழுத்து, அழிந்தது தொடர் முழுவதும். புரதம் பாதியில் நின்றுவிடும், அல்லது உருவாகவே செய்யாது. இனி, அறம் என்பது அறன் என்றும் பந்தல் என்பது பந்தர் என்றும் வரினும் பொருள் மாறாமையைப் போலி என்கிறோம். மரபணுவிலும் அத்தகைய போலிகள் ஏராளம். எழுத்து மாறியிருக்கும், புரதம் மாறாது. ஆகவே விகாரம் என்ற உடனே நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவரிடமும் விகாரங்கள் உண்டு. நம்மிடம் இல்லை என்று மார்தட்டக்கூடியவர் எந்தச் சாதியிலும் எந்தச் சமயத்திலும் இல்லை.

எதிர்ப்பாற்றலுக்கும் இலக்கணத்திற்கும் உள்ள உறவு இதனினும் நெருக்கமானது. உலகில் எண்ணிலடங்காக் கிருமிகள் உள. அவை ஒவ்வொன்றையும் அடையாளம் காணத் தனித்தனி மரபணு வைப்பதென்றால் 20,000 எம்மூலைக்கும் போதா. பின் உடல் என்ன செய்கிறது? பகுபதம் ஆக்குவதைப் போலச் செய்கிறது. பகுதி சில, இடைநிலை சில, விகுதி சில என மரபணுத் துண்டுகளை வைத்துக்கொண்டு, அவற்றை வெட்டி ஒட்டிப் பல கோடிச் சொற்களை ஆக்கிக்கொள்கிறது. எதிர்ப்பொருள்கள் இவ்வாறு பன்மை பெறுவதைக் கண்டறிந்த சுசுமு தோனேகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார். வெட்டி ஒட்டும் அவ்வேலையைச் செய்யும் கத்தரிக்கோல்கள் ராக்-1, ராக்-2 என்னும் இரு மரபணுக்களின் புரதங்கள். அவற்றுள் ஒன்று முற்றிலும் பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைக்கு டி, பி என்னும் இருவகை நிணநீரணுக்களும் உருவாவதில்லை. எதிர்ப்பாற்றலின் அகராதியில் ஒரு சொல்லும் இராது. இஃது ‘கடும் கூட்டு எதிர்ப்பாற்றல் குறை’ எனப்படும் நோய்த் தொகுதியில் ஒருவகை. நிணநீரணுக்களுக்கு வளர்ச்சிச் செய்தியை வாங்கித் தரும் ஐ.எல்.2 ஆர்.ஜி. என்னும் மரபணு பழுதுறுவது இன்னொருவகை. உயிரணுவில் சேரும் நச்சுக் கழிவை நீக்கும் ஏ.டி.ஏ. என்னும் நொதி இல்லாமை மற்றொருவகை. பிறவி எதிர்ப்பாற்றல் குறைகளுக்குக் காரணமான மரபணுக்களாக இதுவரை 450க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. இவற்றுள் முதன்முதல் தெளிவாக விளக்கப்பட்டது 1952இல். அமெரிக்கப் படை மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி நோயுற்ற 8 வயதுச் சிறுவன் ஒருவன் குருதியில் எதிர்ப்பொருளே இல்லாமையைக் கண்டார். எதிர்ப்பொருளை வெளியிலிருந்து ஊட்டி அத்தகையோரை இன்றும் வாழ வைக்கிறார்கள்.

கடும் கூட்டுக் குறையோடு பிறந்த குழந்தை பார்ப்பதற்கு நல்ல குழந்தையே. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் சில மாதங்கள் காக்கும். அதன்பின் வாயில் வெண்படலம். மருந்து தடவியும் போகாது. சளி, நுரையீரல் அழற்சி, நிற்காத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை. டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் பிறந்த டேவிட் வெட்டர் என்னும் சிறுவனைக் கிருமி நீக்கிய நெகிழிக் கூடாரத்தினுள்ளேயே 12 ஆண்டுகள் வளர்த்ததை உலகம் அறியும். அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதைப் பலர் அறியார். அதே நோயால் அவன் குழந்தையிலேயே இறந்தான். அதனால்தான் டேவிட் பிறக்கும் முன்பே மருத்துவர்கள் விழிப்பாயிருந்தனர். தமக்கையின் எலும்பு மஜ்ஜையைப் பெற்றபின், அதில் மறைந்திருந்த வைரஸால் 1984இல் டேவிட் மாண்டான். அக்குடும்பத்தின் பழுது ஐ.எல்.2 ஆர்.ஜி. மரபணுவில் என்பது 1993இல் புலனாயிற்று.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவனத்தாரும் வேறு பல மருத்துவமனையாரும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் கண்டறியப்பட்ட 254 குடும்பங்களைச் சேர்ந்த 277 குழந்தைகளின் விவரங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. நோய்க்குறி தோன்றிய நடுநிலை வயது இரண்டரை மாதம். நோய் இன்னதென அறியப்பட்ட நடுநிலை வயது 5 மாதம். இதனோடு மற்றோர் எண்ணை ஒட்டிப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் 240 குழந்தைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றரை மாதத்திற்குள் மஜ்ஜை மாற்றம் பெற்ற குழந்தைகளுள் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். அங்கு மூன்றரை மாதத்தில் மாற்று முடிந்துவிடுகிறது. இங்கு ஐந்தாம் மாதத்தில்தான் நோயின் பெயரே தெரியவருகிறது. அதுவும் பெயர் தெரிய வாய்த்த 277 பேருக்கு. ஓராண்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இவ்வெண்ணிக்கை மிகச் சிறிது என்பதையும், பெயர் தெரியாமலே போனவர் எத்தனையோ என்பதையும் எண்ணும்போது, திண்ணையில் கேட்ட ‘தங்கவில்லை’ என்னும் சொல் மீண்டும் நம் காதில் ஒலிக்கிறது.

இவ்விடத்தில் உறவு மணத்தைப் பற்றிப் பேசாதிருக்க இயலாது. பேசினாலோ இருபுறமும் சினம் வரும். ஆயினும் பேசுவோம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இந்தியாவில் உறவினரை மணந்த பெண்கள் நூற்றுக்கு 11 பேர். தமிழ்நாட்டில் 28 பேர். நம் வகுப்பில் ஒருமுறை, பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது பல கைகள் உயர்ந்தன. பின்பு ஒருவரையொருவர் பார்த்து நகைத்துக்கொண்டனர். அக்காள் மகளை மணக்கும் வழக்கம் நம்மைச் சூழ்ந்த சமூகங்கள் பலவற்றில் உண்டு. இசுலாமியரிடையே அம்மணம் விலக்கப்பட்டது. மாமன், அத்தை, சிற்றப்பன், சின்னம்மா மக்களை மணத்தல் ஆகும். கணக்கு இதுதான். தாய்மாமன் மணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணு இணைகளுள் எட்டில் ஒரு பங்கு, ஒரே மூதாதையரின் ஒரே படி இருவழியாகவும் வந்து சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு. மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒருவரைப் பார்த்து ஒருவர் நகைக்க இடமில்லை.

ராக், ஏ.டி.ஏ., ஜாக்-3 ஆகிய மரபணுக்களின் பழுது ஒடுங்கு தன்மையது. ஒரு படி பழுதுற்றால் மற்றப் படி ஈடுசெய்துவிடும். தாயும் தந்தையும் நோயின்றி வாழ்வர். இருவரிடமும் அதே பழுது இருந்தால் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. பாட்டன் ஒருவரின் பழுது இரு கிளை வழியாக இறங்கி ஒரு தொட்டிலில் சந்திப்பதற்கு உறவு மணம் வழி செய்கிறது. இஃது உண்மை. எனினும் முழு உண்மை அன்று. உறவில் மணக்காதவர்க்குப் பிறவிக்குறை வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், முதல்நிலை உறவில் மணந்தவர்க்கு அதன்மேல் ஏறத்தாழ இரண்டு மூன்று கூடுகிறது. அதாவது பெரும்பான்மையான உறவு மணக் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராவ், இன்பராஜ் ஆகியோர் 1970களில் வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஆராய்ந்து, எதிர்பார்த்த தீங்கு புலப்படவில்லை என்றும், பன்னூற்றாண்டு உறவு மணம் தீய மரபணுக்களைப் பெருமளவு களைந்திருக்கலாம் என்றும் எழுதினர். எல்லா நோய்க்கும் பொருந்தும் முடிவன்று அது. ஆயினும் மேடையில் முழங்குவோர் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு.

உறவை விட்டு வெளியே மணந்தால் போதுமா என்றால், அதுவும் ஐயத்திற்குரியதே. தங்கராஜ், டேவிட் ரீக் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட மக்கட்குழுக்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சிலரான முன்னோரிடமிருந்தே பெருகியவை. அவ்வகையில், மரபு நோய்களுக்குப் பேர்போன பின்லாந்தினரையும் அசுகனாசி யூதரையும் விஞ்சியவை. தம் குழுவிற்குள்ளேயே மணந்துவந்தால், ‘உறவில்லை’ என்று நாம் கருதும் மாப்பிள்ளையும் பெண்ணும் பத்துத் தலைமுறைக்கு முன் உறவினரே. இது சாதிக்கும் பொருந்தும், ஊருக்குள்ளேயே கொடுத்து வாங்கும் ஜமாஅத்துக்கும் பொருந்தும். இன்னும் ஒன்று. முன்கூறிய இந்திய ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்ட பழுது ஐ.எல்.2 ஆர்.ஜி. மரபணுவில். அது எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய் வழியாக ஆண்மக்களைத் தாக்கும். சில வேளை தாயிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றும். மாப்பிள்ளை அயலூரானாயினும் அயல்நாட்டானாயினும் அதனைத் தடுக்க இயலாது. ஆகவே, “சொந்தத்தில் கட்டியதால் வந்தது” என்று மருத்துவமனை வாயிலில் வைத்து ஒரு தாயைக் குத்திக்காட்டுவோர் அறிவியலின் பெயரால் பழைய ‘ராசி’யையே வேறு சொல்லால் கூறுகிறார்கள்.

உறவு மணத்தில் வியப்பான மறுபுறமும் உண்டு. மஜ்ஜை மாற்றுக்கு எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளம் ஒத்திருத்தல் வேண்டும். உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் ஒத்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. உறவுக்குள் மணந்த குடும்பங்களில், உடன்பிறந்தார் ஒவ்வாவிடினும், பெற்றோரோ சிற்றப்பன் பெரியப்பன் மக்களோ ஒத்திருக்க வாய்ப்புக் கூடுகிறது. நோயைக் கொணர்ந்த வழியே மருந்தையும் கொணர்வது! இந்த எச்.எல்.ஏ. அடையாளங்களை நம் வட்டார மக்களிடையே பல்லாண்டு ஆராய்ந்தது நாகமலை புதுக்கோட்டையை அடுத்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகமே. அங்கு வீ.ர. முத்துக்கருப்பன் எதிர்ப்பாற்றலியலை வளர்த்தார், இராம. பிச்சப்பன் பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட மக்களின் குருதியை ஆராய்ந்தார். ஆப்பிரிக்காவினின்று கடலோரமாக வந்த முன்னோரின் சுவடாகக் கருதப்படும் எம்.130 என்னும் அடையாளம் மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூரில் கண்டறியப்பட்டதும் அப்பணியின் பயனே. முன்னோர் வந்த வழியைக் காட்டிய அறிவு பின்னோர் தங்கும் வழியையும் காட்டலாகாதா என்பது நம் ஏக்கம்.

இனி நாம் வேண்டுவது யாது? உறவு மணத்தைத் தடை செய்க என்று வேண்டவில்லை. சவூதி அரேபியாவில் சிவப்பணு நோய்களுக்கான மணமுன் சோதனை 2004 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பொருந்தாது என்று அறிந்த பின்னும் மணந்தோர் அங்கே பலர். வற்புறுத்தலால் ஆவது சிறிது. நாம் வேண்டுவன எளியவை.

முதலாவது, பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசியும் சொட்டு மருந்தும் இடுமுன் ஒரு வினா: “இதற்கு முன் உங்கள் வீட்டில் கைக்குழந்தை எதுவும் தொற்று நோயால் இறந்ததா?” ஆம் எனில், குருதிச் சோதனை முடியும்வரை ஊசியைத் தள்ளி வைத்தல் வேண்டும். பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆனது. நலமான குழந்தைக்கு அது காப்பு. எதிர்ப்பாற்றலே அற்ற குழந்தையின் உடலெங்கும் அக்கிருமி பரவி உயிரை வாங்கும். இதனைப் படித்துவிட்டு எவரும் தம் குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டா என்று சொல்லிவிடலாகாது. இவ்விதிவிலக்கு அத்தகைய குடும்பங்களுக்கு மட்டுமே. மற்றக் குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தவிர்ப்பது பெருந்தீங்கு.

இரண்டாவது, ஒரு பெருக்கற்கணக்கு. சிற்றூர் ஆய்வகத்திலும் எடுக்கப்படும் சாதாரணக் குருதி எண்ணிக்கைச் சீட்டில் மொத்த வெள்ளணுக்களும் அவற்றுள் நிணநீரணுக்களின் விழுக்காடும் அச்சாகியிருக்கும். மொத்தம் 6,000, நிணநீரணு 20 விழுக்காடு எனில், நிணநீரணு 1,200. பெரியவர்க்கு அது போதும். மூன்று மாதக் குழந்தைக்கு 3,000க்குக் குறைந்தாலே ஐயுற வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. சீட்டு கையில் இருக்கிறது. பெருக்கிப் பார்ப்பார்தாம் அரியர். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளிக் குருதியால் இக்குறையைக் கண்டறியும் சோதனையை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் தொடங்க, 2018க்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் மேற்கொண்டன. அது நம் அரசு மருத்துவமனைகளுக்கு வரும்வரை இப்பெருக்கற்கணக்கேனும் வரட்டும்.

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தே இல்லாத நோய் என்று கைவிடும் காலம் போயிற்று. வேலூரில் 1986 முதல் மஜ்ஜை மாற்றம் நடைபெறுகிறது. 1990இல் அஷாந்தி டி சில்வா என்னும் 4 வயதுச் சிறுமிக்கு அமெரிக்காவில் மரபணு மருத்துவம் தொடங்கப்பட்டது. 2000இல் பாரிசில் வெற்றி அறிவிக்கப்பட்டு, பின் அக்குழந்தைகளுள் சிலர்க்குக் குருதிப்புற்று வந்தமையால் அம்முறை திருத்தப்பட்டது. நடுவணரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்நோய் இடம்பெற்றுள்ளது. 2022 முதல் 50 இலட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. ஆனால் அக்கொள்கை முதலில் அறிவித்த 8 சிறப்பு மையங்களுள் தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை. பின்னரே சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை சேர்க்கப்பட்டது. நாகமலையிலிருந்து எழும்பூர் 450 கிலோமீட்டருக்கும் மேல். நோயுற்ற கைக்குழந்தையோடு அவ்வளவு தொலைவு செல்வதென்பது கூலி வேலை செய்வோர்க்கு எளிதன்று. மதுரைக்கு ஒரு மையம் வேண்டும் எனக் கேட்பதற்குத் தென் மாவட்டங்கள் அனைத்தும் நம்மோடு சேரலாம்.

குடும்ப மரம் வரைவதற்கு ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகள் பேருதவி புரியும். பெயரும் தந்தை பெயரும் ஊரும் நாளும் அவற்றில் உள. இத்தகைய நோய் அறியப்பட்ட குடும்பம் விரும்பினால் மட்டும், அதன் கிளைகளைத் தேடிச் சொல்ல நம் மாணவர் சிலர் ஆயத்தமாக உள்ளனர்.

இறுதியாகத் துறைக்குள் ஒரு வழக்கு. பழுதுற்ற படி ஒன்றை வைத்துக்கொண்டு தாம் நோயின்றி வாழ்வோரைத் தமிழில் எவ்வாறு அழைப்பது? சில நூல்கள் ‘நோய் கடத்தி’ என்கின்றன. கொசுவையும் அவ்வாறே சொல்கிறோம். கள்ளப்பொருள் கொண்டுவருவோனையும் அவ்வாறே சொல்கிறோம். மணமாக வேண்டிய ஒரு பெண்ணின் மருத்துவச் சீட்டில் அச்சொல் ஏறினால் அது கிழிக்க முடியாத சீட்டாகிவிடும். நம் ஆசிரியர் ஒருவர் ‘மறைபொருளர்’ என்றார், கேட்போர் சிரித்தனர். மற்றொருவர் ‘சுமந்திருப்பவர்’ என்றார். இப்போதைக்கு இதனையே வழங்கி வருகிறோம். இதனினும் நல்ல சொல் அறிந்தோர் துறைக்கு எழுதித் தெரிவிப்பாராக.